பால்கோவா ஊருக்கும் கடல்பசுவுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. ராஜபாளையம்னா நாய். இங்கே வந்து ‘கடல்புல்’லைப் பற்றிப் பேசினால், “எங்க ஊர்ல கடலே இல்லையே பாஸ்!” என்பீர்கள். கரெக்ட். ஆனால், உங்க ஊர் மழைத்தண்ணி கடைசியில் எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பிவிட்டு, மிச்சத்தை வைப்பாற்றில் சேர்க்கின்றன. வைப்பாறு சாத்தூர் வழியாகப் போய், தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நம்ம ஹீரோ இருப்பது அந்தக் கடலில்தான்.

ஹாஸ்டலும் மெஸ்ஸும்

கடல்புல் என்பது பாசி இல்லை. வேர், இலை, பூ, விதை எல்லாம் உள்ள நிஜமான தாவரம். தண்ணிக்கு அடியிலேயே பூக்கும். உயிர் வாழ வெளிச்சம் கட்டாயம் வேணும். மீன் குஞ்சு, இறால், நண்டுக்கெல்லாம் இதுதான் ஹாஸ்டல். மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று சொல்லும் கடல்பசுவுக்கு இதுதான் மெஸ். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல்லை அசால்ட்டாக மேய்ந்துவிடும்!

அந்தப் புல்வெளிதான் பல இடங்களில் அழிந்துகொண்டிருக்கிறது. கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவை மடி வேரோடு பிடுங்குகிறது. கழிவும் சேறும் தண்ணீரைக் கலக்குகின்றன. வெளிச்சம் இறங்காவிட்டால் புல் பட்டினிதான்.

கடலுக்குள் நாற்று நடவு

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர், நல்லா இருக்கிற புல்வெளியில் இருந்து வேரோடு கொஞ்சம் எடுத்து, பி.வி.சி. சட்டங்களில் சணல் கயிற்றால் கட்டி, அழிந்த இடத்தில் முக்குளித்துப் பதிக்கிறார்கள். பாக் விரிகுடா பக்கம் ‘ஓம்கார்’ அமைப்பு பயன்படுத்துவது மூங்கில் சட்டமும் தேங்காய் நார்க் கயிறும். புல் வேர் பிடித்த பிறகு, இரண்டும் தானாக மட்கிவிடும். சிம்பிள்! 2022 செப்டம்பரில் அதே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல்.

இதெல்லாம் தேறுமா? அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் 1930களில் நோயாலும் புயலாலும் கடல்புல் சுத்தமாக அழிந்தது. இருபது வருஷமாக 7 கோடிக்கும் மேல் விதை தூவி, ஆயிரக்கணக்கான ஏக்கரை மறுபடி பச்சையாக்கிவிட்டார்கள்.

ஆனால் ஒரு கண்டிஷன். நட்ட இடத்திலேயே மறுபடி மடி இழுத்தால், சேறு வந்து மூடினால், அவ்வளவு உழைப்பும் வேஸ்ட். மடியை நிறுத்துவது கடலோரத்துக்காரர்கள் கையில் இருக்கிறது. ஆற்றில் போகும் குப்பையை நிறுத்துவது? அது நம்ம கையில்!

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு இடம் தேடுறீங்களா? கடல் வரைக்கும் பஸ் ஏற வேண்டாம். காலேஜ் பக்கத்து ஓடையையும் கண்மாயையும் மழைக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க. நீங்க ஓடையில் எறியாத ஒரு கேரி பேக், ஆவுளியா மெஸ்ஸில் பரிமாறப்படாத ஒரு கேரி பேக். பால்கோவா தர்ற பசுவை மட்டும் கவனிச்சா போதுமா பாஸ்?