மலிவு டாங்கிளுக்கு எந்த அலைவரிசை எட்டும்?

தாமல் ஏரிக்கரையில் ஒரு லேப்டாப்பும் யுஎஸ்பி ரேடியோ டாங்கிளும் இருந்தால், மேலே பறக்கும் விமானத்தின் உயரத்தைத் திரையில் பார்க்கலாம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மட்டும் அதில் சட்டென்று சிக்காது. ஏன்?

இந்த டாங்கிள் டிவி பார்ப்பதற்கென்று செய்த கருவி. உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், அலையைப் பதப்படுத்தாமல் அப்படியே கணினிக்கு அனுப்பும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரிந்தது. மலிவு ரேடியோ பிறந்தது. ஆனால் எந்த அலைவரிசை எட்டும் என்ற எல்லையை வகுப்பது சிப்புக்கு முன்னால் உள்ள ட்யூனர். ஆர்820டி2 என்றால் ஏறக்குறைய 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை. அட்டைப்பெட்டி விளம்பரத்தை நம்பாமல் ட்யூனர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

101.4-இல் எஃப்எம் ரெயின்போ, 145.8-இல் சர்வதேச விண்வெளி நிலையம், 1,090-இல் விமானங்கள்: எல்லாம் எல்லைக்குள். 2,400-ஐ ஒட்டிய வைஃபை வெளியே. 720 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.72 மெகாஹெர்ட்ஸ்தான், அதை மேலே தூக்கிக் கொடுக்க அப்கன்வெர்ட்டர் வேண்டும்.

ஒரே நேரத்தில் தெரியும் அகலமும் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான். 88 முதல் 108 வரையிலான எஃப்எம் பட்டை ஒரே பார்வையில் அடங்காது.

எட்டினாலும் ஆன்டெனா பொருந்த வேண்டும். 1,090-க்குக் கால் அலைநீளம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; எஃப்எம்முக்கு முக்கால் மீட்டர். டாங்கிளோடு வரும் குட்டிக் கம்பி இரண்டுக்கும் ஒத்துவராது. பக்கத்தில் செல்போன் கோபுரம் இருந்தாலோ, அலையை 8 பிட்டில் மட்டுமே அளக்கும் இந்தக் கருவி அதன் பலத்த அலையில் திணறும். அந்த அலையைத் தடுக்கும் ஒரு வடிகட்டியும் வாங்கிவிடுங்கள்.