குளிசையை நிறுத்திய அக்கா

"பிள்ளை, இந்தக் குளிசை என்ர எலும்பைத் தின்னுது. நான் நிப்பாட்டிப் போட்டன்."

கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த அந்த அக்கா சொன்னபோது எனக்குத் திக்கென்றது. வயது 49. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. டெனோபோவிர் உள்ள குளிசையைத் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் வரை குறையலாம். பின்னர் பெரும்பாலும் அந்த இறக்கம் நின்றுவிடும். ஆனால் அந்தக் கிருமியும் எலும்பைத் தேய்க்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதும் தேய்க்கிறது. குளிசையை விட்டாலோ கிருமி பெருகும்; காசநோய் போன்றவை எளிதில் பற்றிக்கொள்ளும்.

மறுநாளே கிளினிக்கிற்குக் கூட்டிச் சென்றேன். வைத்தியர் ஏசவில்லை, அதுவே பெரிய ஆறுதல். இரத்தம், சிறுநீர் பரிசோதித்து மருந்தை மீண்டும் ஆரம்பித்தார். எலும்பு மிகவும் மெலிந்திருந்தால் வேறு மருந்துக்கு மாற்றவும் வழியுண்டு என்றார்.

இன்னொன்றும் அன்றுதான் அறிந்தேன். அக்காவின் குளிசையில் டொலுடெக்ராவிரும் இருக்கிறது. அதை வெறும் வயிற்றில் கல்சியக் குளிசையோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுடன் என்றால் இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். பட்டதாரி என்று பெயர், இது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

நெத்தலி, குரக்கன், எள்ளு, காலை வெயில், கொஞ்ச நடை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுபவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதுவும் எலும்பைக் குறைக்கும்.

கிணற்றடிப் பாசியை மகன் தேய்த்துக் கழுவிவிட்டானாம். அம்மா என்ன குளிசை போடுகிறார் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.