புதுத் தொட்டியில் படரும் பழுப்புப் பாசி

பாசி என்னும் சொல் பசுமையின் அடியாகப் பிறந்தது. குளத்துப் படியிலும் கிணற்றுச் சுவரிலும் பச்சையாய்ப் படர்வதையே நம் முன்னோர் அப்பெயரால் சுட்டினர். ஆயின், கடல்மீன் வளர்க்க விரும்பிப் புதிதாய்த் தொட்டி அமைப்போர், இரண்டு மூன்று கிழமைக்குள் மணலையும் கண்ணாடியையும் பழுப்புப் படலம் ஒன்று மூடுவதைக் காண்பர். இதுவும் பாசிதானா? பசுமை எங்கே போயிற்று?

இதன் பெயர் டையாட்டம். ‘இரண்டாக வெட்டப்பட்டது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. செப்பும் மூடியும்போல் பொருந்தும் இரு பாதிகளாலான ஓட்டுக்குள் வாழும் ஓரணு உயிர் இது. அவ்வோடு சிலிக்காவால் ஆயது. பச்சையம் இதனிடமும் உண்டு. பியூக்கோசாந்தின் என்னும் நிறமி அதனை மறைத்துப் பழுப்பாகக் காட்டுகிறது. கடலில் வளரும் கெல்ப், சர்க்காசம் முதலிய பெரும் பழுப்புப் பாசிகளிலும் இந்நிறமி உண்டெனினும் அவை வேறு வகுப்பின. 1867இல் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்தது டையாட்ட ஓடுகள் படிந்த மண்ணே.

இனி, இது தொட்டிக்கு வருவது எவ்வாறு? லாபிஸ் கடற்கரை ஊரன்று. ஆதலின் இத்தகைய ஊர்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையை நீரில் கரைத்தே தொட்டியை நிரப்புவர். வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் பாறை விரைந்து சிதைந்து ஆற்றுநீரில் சிலிக்கா கரைகிறது. குழாய்நீரிலும் அது வருகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. குறைந்த நீருக்கு ஈடாகக் குழாய்நீரையே ஊற்றினால், சிலிக்கா நாளுக்குநாள் ஏறும், பாசியும் கொழிக்கும்.

படலத்தைக் கண்டு அஞ்சி, நீரை முற்றும் கொட்டி, மணலைக் கொதிநீரில் அலசுவோர் உளர். பெரும்பிழை இதுவே. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் வேரூன்ற 4 முதல் 6 கிழமை ஆகும். அவற்றை அழித்தால் மாள்வது பாசியன்று, மீனே. செம்பு கலந்த பாசிக்கொல்லியும் ஆகாது. நத்தை, இறால், பவளம் ஆகியவற்றை அது கொல்லும்.

செய்யத்தக்கவை எளியன. எதிர்ச் சவ்வூடு பரவலால் தூய்மையாக்கி, அயனிகளையும் நீக்கிய நீரையே பயன்படுத்துக. விளக்கை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குக் குறைக்க. இரையை அளந்து இடுக. நீரோட்டத்தை மிகுத்து, படலத்தை மெல்லத் துடைத்து உறிஞ்சி எடுக்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றபின் துரோக்கஸ் நத்தைகளை விட்டால் அவை கண்ணாடியை மேய்ந்து துப்புரவாக்கும். பழுப்புப் படலம் துடைத்தால் தூள்போல் கலையாது, குமிழிகளுடன் கோழை நூலாய் இழுபட்டால், அது டைனோபிளாசெல்லேட் ஆகலாம். அதற்கு மருத்துவம் வேறு.

சிலிக்கா தீர்ந்தால் டையாட்டமும் தேயும்; பெரும்பாலும் சில கிழமைகளில் அது தானே மறையும். அதுவரை புதுமீன் வாங்காது பொறுத்திருப்பதே வளர்ப்போர் கடன்.