அமில வயலில் தழைச்சத்து

கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. அங்குள்ள கரி மண் கறுத்தது, கடும் அமிலத்தன்மை கொண்டது. காய்ந்தால் அதன் பிஎச் அளவு 4-க்கும் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட வயலில் இடும் தழைச்சத்து என்ன ஆகிறது?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக மாற்றும். கடும் அமில மண்ணில் இது மந்தமாகத்தான் நடக்கும். அமில நீரிலிருந்து அம்மோனியா பறந்துபோவதும் குறைவு. ஆனால் இதை நம்பி அசந்துவிடக் கூடாது, நேயர்களே! நீர் கட்டிய சில வாரங்களில் அமிலம் மெல்லத் தணியும். பாசியும் படர்ந்துவிட்டால், உச்சி வெயிலில் அது நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, நீரையே காரமாக்கிவிடும். அந்த நேரத்தில் நின்ற நீரில் தூவிய யூரியாவில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும்.

நைட்ரேட் உரம் நீர் நின்ற வயலுக்கு ஆகவே ஆகாது. சேற்றில் பிராணவாயு இல்லாததால் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். அம்மோனியம் சல்பேட்டோ மண்ணின் அமிலத்தை மேலும் கூட்டும்.

ஆகவே யூரியாவையே பயன்படுத்துங்கள், ஆனால் பிரித்து இடுங்கள். தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் இட்டு, மறுநாள் நீர் கட்டுங்கள். சுண்ணாம்பு இட்ட வயலானால், யூரியா இட ஒரு வாரமாவது பொறுங்கள். சுண்ணாம்பின் காரம் பட்டால் அம்மோனியா பறந்துவிடும்.