மூன்றாவது துப்பாக்கியை என்ன செய்வது?

லைசென்ஸோடு மூன்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டிய கெடு 2020 டிசம்பர் 13-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கொரோனா ஆண்டு என்பதால் பல வீடுகளில் அந்தத் தேதி கவனத்துக்கே வந்திருக்காது. பீரோவில் மூன்றாவது துப்பாக்கி இன்னும் இருந்தால், நேற்றுவரை முறையாக லைசென்ஸைப் புதுப்பித்து வந்த கௌரவமான மனிதரும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிதான்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. ராணுவத்திலும் சி.ஆர்.பி.எஃப்.பிலும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையிலும் இருந்து ஓய்வுபெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பெரியவருக்கு வயது 72. ஓய்வுபெற்றபோது வாங்கிய கான்பூர் ரிவால்வர் ஒன்று, நண்பரிடம் வாங்கிய வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்று, ஊரில் அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. மூன்றுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. மகனுக்கு ஒன்றிலும் ஆர்வம் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

முதலில் கணக்கு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்பு 1983-இல்தான் வந்தது. 2019-இல் அதை ஒன்றாகவே குறைத்துவிட அரசு மசோதா கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு என்று முடிவானது. அந்தத் திருத்தம் 2019 டிசம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம். மிச்சத்தை ஓர் ஆண்டுக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், படையில் இருப்பவர் தம் பிரிவின் ஆயுதக் கிடங்கில் வைக்கலாம் என்றது. அதன்பின் 90 நாளில் அந்தத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

இரண்டு என்பது கைத்துப்பாக்கிக்கு மட்டுமான கணக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அப்பாவின் இரட்டைக்குழலும் அதில் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டால் கைத்துப்பாக்கி ஒன்றுக்குத்தான் இடம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி லைசென்ஸ் இருந்தால் கணக்கும் தனித்தனி. அதற்காக, மனைவி பெயரில் லைசென்ஸ் இல்லாமல் அவர் பீரோவில் கொண்டுபோய் வைத்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். விளையாட்டு வீரர்களுக்கு விதிவிலக்கு உண்டு. உரிமம் பெற்ற ரைபிள் சங்க உறுப்பினர் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயிண்ட் 22 ரைபிளுக்கு இந்த வரம்பு இல்லை. பதக்கம் வென்ற வீரர்களுக்கு மத்திய உள்துறை 2020 பிப்ரவரியில் தனி அறிவிக்கை மூலம் கூடுதல் எண்ணிக்கை அனுமதித்தது. எப்போதோ ரைபிள் கிளப்பில் சந்தா கட்டியதை நம்பி மூன்றாவது கைத்துப்பாக்கியை வைத்திருக்க முடியாது.

இனி தேர்வு. விலை உயர்ந்ததை வைத்துக்கொண்டு மலிவானதை விடுவதுதான் எல்லோரும் செய்வது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில் காகிதத்தைப் பாருங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியின் உடலில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா? பழைய புத்தகங்களில் கையால் எழுதியபோது 3 என்பது 8 ஆகியிருக்கும், தயாரிப்பாளர் பெயர் பாதியில் நின்றிருக்கும். லைசென்ஸுக்குத் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் வந்துவிட்டதா? அந்த எண் இல்லாத லைசென்ஸ் இன்று செல்லாது. காகிதம் கோணலாக இருக்கும் துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைவலிதான்.

அடுத்தது தோட்டா. பாயிண்ட் 32 ரிவால்வரும் பாயிண்ட் 32 பிஸ்டலும் பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கும், தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு அகலமாகத் துருத்திக்கொண்டிருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது, விளிம்பு பெயருக்குத்தான். ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடக் கூடாது. புனேயை அடுத்த கட்கியில் உள்ள அரசு ஆலை செய்யும் ரிவால்வர் தோட்டாவின் அடியில் ‘கேஎஃப்’ என்று பொறித்திருக்கும். உள்நாட்டிலேயே தயாராகும் தோட்டா என்றால் கடையில் கிடைக்கும், விலையும் தாங்கும். சட்டைப்பைக்குள் அடங்கும் பாயிண்ட் 25 வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பார்க்க நகை மாதிரி இருக்கும். தோட்டாவுக்கு அலைய வேண்டும். தோட்டா கிடைக்காத துப்பாக்கியால் வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை, பொறுப்பு மட்டும் மிச்சம்.

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைத் தனிநபர்களுக்கு 1980களில் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் பழைய வெப்லிக்கும் கோல்ட்டுக்கும் இங்கே இவ்வளவு மவுசு. விற்றால் நல்ல விலை வரும். மேலே சொன்ன பெரியவரிடம் நான் அந்த வெளிநாட்டுப் பிஸ்டலை விடச் சொல்வேன். கான்பூர் ரிவால்வர் பழுதானால் உதிரி கிடைக்கும், தோட்டா கிடைக்கும். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். பிஸ்டலில் மேகசினை உருவிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். கை நடுங்குகிற வயதில் இந்த வித்தியாசம் பெரியது. அதைவிட முக்கியம், அந்த வயதில் இரண்டுமே தேவையா என்ற கேள்வி. வீட்டில் மன அழுத்தத்திலோ மறதி நோயிலோ ஒருவர் இருந்தால் என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். துப்பாக்கியை அதற்கு முன்பே வியாபாரியிடம் வைத்துவிடுங்கள்.

9 எம்.எம். போன்றவை தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி 14 ஆண்டுவரை போகும். தாத்தா காலத்து இரும்பில் இப்படி ஒன்று இருந்தால், வைப்பதா விடுவதா என்ற பேச்சுக்கே இடமில்லை. வக்கீலைப் பார்த்துவிட்டு ஒப்படைக்க வேண்டியதுதான். சாதாரண ரகத்தில், வரம்புக்கு மேல் வைத்திருப்பதற்கும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கும் 2 முதல் 5 ஆண்டு சிறை. சிறப்புக் காரணம் இருந்தால், நீதிபதி அதை எழுதி வைத்து 2 ஆண்டுக்கும் கீழே குறைக்கலாம். கெடுவைத் தவறவிட்டவர்கள் தாமாகவே, தாமதத்துக்கான காரணத்தைக் கடிதமாக எழுதிக்கொண்டு போவது அங்கே எடுபடும். இது மன்னிப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சோதனையில் சிக்குவதும் தானாகப் போய் ஒப்படைப்பதும் ஒன்றல்ல.

ஒப்படைப்பது என்றால் இழப்பது என்று அர்த்தமில்லை. சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த துப்பாக்கியை விதிகள் சொல்லும் காலத்துக்குள் விற்றுப் பணம் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு; நீங்கள் இல்லாவிட்டால் வாரிசுக்கு உண்டு. காலம் கடந்தால் அரசுடைமை ஆகலாம் என்பதால் கடைசித் தேதியை அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் தயாரிப்பாளர் பெயர், துப்பாக்கி எண், குழல் அளவு, தோட்டா எத்தனை, துப்பாக்கியின் நிலை, தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ‘பழைய துப்பாக்கி 1’ என்று எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். முடிந்தால் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் எண்ணெய் போடாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் வேகமாக. விற்க நினைப்பவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு துடைத்துப் பராமரிக்கும் வியாபாரியே மேல்.

நேரடியாக ஒருவருக்கு விற்கலாமா? லைசென்ஸ் உள்ளவருக்கு, அதிலும் அவருடைய இரண்டில் ஒன்று காலியாக இருந்தால், விற்கலாம். வாங்குபவரின் பெயர், முகவரியோடு காவல் ஆணையருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். ‘பணத்தைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது இந்த வியாபாரத்தில் கிடையாது.

துப்பாக்கி போன பிறகு அதன் தோட்டாக்கள் தங்கிவிடுவது இன்னொரு சிக்கல். பழைய சூட்கேஸின் மூலையில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் அகப்பட்டால் பயணம் அத்தோடு நின்றுவிடும். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த வாதம் வழக்கு போட்ட பிறகுதான் வரும்.

குடும்பத்துக்கே கொடுக்க விரும்புபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25-ஆவது விதி வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே மகன், மகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர் போன்ற வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். வாங்குபவருக்கும் போலீஸ் விசாரணை உண்டு, இரண்டு என்ற வரம்பும் உண்டு. விருப்பமில்லாத மகன் தலையில் ‘குடும்ப கௌரவம்’ என்று கட்டிவிட வேண்டாம். பெரியவர் காலமாகிவிட்டால், வீட்டுப் பெண்கள் துப்பாக்கியைப் பையில் போட்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகக் கூடாது. தோட்டா இருக்கிறதா என்று திறந்தும் பார்க்க வேண்டாம். பீரோவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து, வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். விற்பனைக்கான தற்காலிக அனுமதியை வாரிசுகள் அதன்பிறகு கேட்கலாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் நம் பக்கத்துக்காரர்கள் அலைகிறார்கள். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் வருவாய்த் துறைக்குச் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். காவல் துறைக்கோ 2022 ஜனவரி முதல் மூன்றும் ஆவடி காவல் ஆணையரகம். ஆணையர் உள்ள பகுதியில் துப்பாக்கி லைசென்ஸ் விஷயத்தில் மாவட்ட நீதிபதி என்பவர் காவல் ஆணையரே என்று சட்டம் சொல்கிறது. எனவே கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பழைய லைசென்ஸ் சென்னை ஆணையரோ திருவள்ளூர் கலெக்டரோ கொடுத்ததாக இருந்தால், கோப்பு ஆவடிக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வீடு மாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பது வேறு. அது தற்காலிகம், தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதைக் காட்டி ‘மூன்றாவதை ஏற்கெனவே கொடுத்துட்டேனே’ என்று சொல்ல முடியாது.

லைசென்ஸ் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியதாக இருந்தால் ஒழிய, அதிகாரி அதைத் தர வேண்டும். 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு, அதற்கான அவகாசம் 30 நாள். அதிலும் தீராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஒப்படைத்த துப்பாக்கி எங்கே இருக்கிறது, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியாமல் மாதங்கள் ஓடினால், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், ரசீதின் நகலை இணைத்து. 30 நாளில் பதில் வர வேண்டும்.