சபையை வென்ற கேள்வியும் வழக்கை வென்ற கணக்கும்

கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள கயத்தாற்றில், 1799ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி, வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் நம் செவியில் ஒலிப்பது சரித்திரத்தின் குரலன்று. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதி, 1957இல் சிவாஜி கணேசனின் நாடக மன்றத்தார் மேடையேற்றி, 1959இல் திரைப்படமாகவும் வந்த நாடகத்தின் குரலே அது. அதில் கலெக்டர் ஜாக்ஸனும் கட்டபொம்மனும் எதிரெதிரே நின்று வாதிடும் கட்டத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது, மேடை ஏறும் தொண்டர்களுக்குப் பயன் தரும் என்று நாம் கருதுகிறோம்.

ஜாக்ஸனின் பேச்சு ஒரு குற்றப் பட்டியல். கிஸ்தி பாக்கி என்கிறார். உத்தரவை மதிக்கவில்லை என்கிறார். எதிரியை இணங்கவைப்பது அவர் நோக்கமன்று, பணியவைப்பதே நோக்கம். ஆகவே அவருடைய சொல்லுக்குப் பதவியைத் தவிர வேறு பலமில்லை.

கட்டபொம்மனோ கணக்கைத் தொடவே இல்லை. நீர் இறைத்தல், நாற்று நடுதல், களை பறித்தல் என்று உழவு வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் உனக்குப் பங்குண்டா என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே: இல்லை. அவ்விடையைச் சொல்வது ஜாக்ஸனல்லர், சபையோர். எவ்வளவு பாக்கி என்ற வழக்கு, பூமி யாருடையது என்ற வழக்காக மாறிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் ஸீஸர்’ நாடகத்திலும் புரூட்டஸ் காரணம் கூறுகிறான். ஆண்டனியோ கேள்விகளைத் தொடுத்து, உயிலைக் காட்டி, தீர்ப்பை ஜனங்களின் வாயிலிருந்தே வரவழைக்கிறான். இருவர் உபாயமும் ஒன்றே.

ஆனால் கரிசல் சீமை நாற்று நட்டுப் பிழைக்கும் சீமையா? மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைக்கும் மானாவாரி பூமி இது. அவ்விதைப்பிலும் அறுப்பிலும் வியர்வை சிந்தியவன் சம்சாரி. அவன் தன் பாளையக்காரரை நோக்கி அதே கேள்வியைக் கேட்டிருந்தால், விடை என்ன? நாடகம் அக்கேள்வியைக் கேட்கவிடவில்லை.

சரித்திரம் கூறுவது வேறு. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்கவைத்து விசாரித்தார் ஜாக்ஸன். கணக்கைப் பார்த்தபோது பாக்கி 1,080 வராகனே. பின்னர் நேர்ந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அவர் பக்கம் நியாயம் கண்டது, பிள்ளை விடுதலையானார், ஜாக்ஸன் பதவி இழந்தார். வழக்கை வென்றது கணக்கும் விண்ணப்பமும். அவ்வெற்றியும் மறு வருஷம் பீரங்கியின் முன் நிற்கவில்லை என்பது துயரமான உண்மை.

கயத்தாற்றில் மேஜர் பானர்மன் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்துக் குற்றங்களை விளக்கினார். கட்டபொம்மன் எட்டயபுரத்தாரை இகழ்ச்சியோடு நோக்கியதையும், அஞ்சாமல் தூக்குமரத்துக்கு நடந்ததையும் எழுதிவைத்தவர் அதே பானர்மன். எதிரியையும் சாட்சியாக்கிய வாதம் அந்த நடை.

சபையை எழுப்பக் கேள்வி வேண்டும்; வழக்கை நிலைநாட்டக் கணக்கு வேண்டும். பிறரை நோக்கி நாம் எறியும் கேள்வி நம்மை நோக்கித் திரும்பினாலும் விடை சொல்ல வல்லவரா என்று சோதித்துக்கொண்ட பிறகே தொண்டர்கள் மேடை ஏறவேண்டும்.