கையடக்க இயந்திரங்கள் – 9: பொறி இல்லாத பொறி

போன வாரம் தையல் மெஷினின் பாபினோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரத்து ஆள் உள்ளங்கையில் அடங்குவான். ஆனால் கிளம்பிவிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும்.

காக்ஸ் பேப் பீ. மாடல் விமானத்து மூக்கில் மாட்டும் இன்ஜின். கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் செய்து, சிறுவர்கள் வாங்கும் விலைக்கு விற்ற ரகம். கொள்ளளவு 0.049 கன அங்குலம், அதாவது சுமார் 0.8 சிசி. பழைய 50 சிசி மொபெட்டில் அறுபதில் ஒரு பங்கு. முதுகிலேயே குட்டி டேங்க். சித்தப்பா அமெரிக்காவில் படித்தபோது வாங்கியது. அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்பது வருஷம் கழித்து எடுத்தபோது புரொப்பெல்லர் அசையவே இல்லை. நான் குறடைத் தேடினேன்.

“குறடை வெச்சே, அதோட கதை முடிஞ்சுது. துரு இல்லடா அது, விளக்கெண்ணெய். சூடு காட்டு” என்றார்.

விளக்கெண்ணெய்தான். இதன் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஐந்தில் ஒரு பங்கு வரை ஆமணக்கெண்ணெய். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களுக்கும் இதே எண்ணெய்தான். மற்ற எண்ணெய்கள் கைவிடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. அதற்கான விலை, நாள்பட்டால் அரக்காக இறுகிவிடுவது. தலைமுடி உலர்த்தும் டிரையரால் சிலிண்டரைச் சூடாக்கி, புகைத் துவாரத்தில் மெத்தனால் நாலு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். பழுப்பாக ஏதோ கசிந்தது. மெல்ல ஆட்ட ஆட்ட, ‘களுக்’கென்று பிஸ்டன் இறங்கியது. இதில் பிஸ்டன் ரிங் கிடையாது. எஃகுக்குள் எஃகை இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். குறடு போட்டிருந்தால் அந்தப் பொருத்தம் போயிருக்கும்.

ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. சிலிண்டரின் தலைக்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. 1.5 வோல்ட் கொடுத்தால் சிவந்து கனலும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். அழுத்தத்தில் பிறக்கும் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரிவதும் சேர்ந்து கனலை அணையவிடாது. பெட்ரோல் ஊற்றினால் இந்த வித்தை நடக்காது. 1947-இல் ரே ஆர்டன் இந்த கிளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும்வரை, பாவம், குட்டி விமானங்கள் காயில், கண்டென்சர், பேட்டரி என்று மூட்டை சுமந்து பறந்தன.

இன்ஜினைப் பலகையில் இறுக்கி, நீடில் வால்வை முழுக்க மூடி, பிறகு மூன்றரைச் சுற்று திறந்தேன். புகைத் துவாரத்தில் இரண்டே சொட்டு. பேட்டரி கிளிப். விரலால் ஒரு தட்டு. ஒன்றுமில்லை. பதற்றத்தில் இன்னும் நாலு சொட்டு விட்டேன். எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். கம்பி நனைந்து, இன்ஜின் புஸ்ஸென்று துப்பியது. அடுத்த தட்டில் எதிர்ப்பக்கம் உதைத்து விரல் கணுவைப் பதம் பார்த்தது. அதன்பிறகு தோல் கையுறை இல்லாமல் தொட்டதில்லை.

நீடிலை மூடி, கவிழ்த்து, உள்ளே இருந்ததை வடியவிட்டு மறுபடி தொடங்கினோம். இந்த முறை ‘பிர்ர்ர்’ என்று இரண்டு நொடி ஓடி நின்றது. “ஊத்தினது எரிஞ்சிடுச்சு, டேங்க்லேர்ந்து வரல. அரைச் சுற்று திற” என்றார். திறந்தேன். பிடித்துக்கொண்டது!

முதலில் ஒரு கொப்புளிக்கும் சத்தம், நீலப்புகை, கூடவே பிரசவ வீட்டு வாசனை. நீடிலை மூட மூட, குரல் திடீரென்று உடைந்து ஒரே கீச்சாக ஏறியது. அந்த உச்சத்தில் நிறுத்த ஆசையாகத்தான் இருக்கும். சித்தப்பா என் கையை விலக்கி, நீடிலை ஒரு பொடி பின்னுக்குத் திருப்பினார். மோட்டார் சைக்கிளில் மைலேஜ் பார்த்துப் பழகிய நமக்கு இது லேசில் புரியாது. இங்கே மசகும் எரிபொருளோடுதான் வருகிறது, குளிர்ச்சியில் ஒரு பங்கும் அதிலிருந்துதான். எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், எஃகு எஃகைக் கவ்வும். கிளப்பும்போது கஞ்சனாக இரு, ஓடும்போது தாராளமாக இரு என்பது சித்தப்பாவின் சட்டம்.

கிளம்பாத நாளில் முதலில் பார்க்க வேண்டியது கம்பி. வெளியே எடுத்துக் கரண்ட் கொடுத்தால் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் கனல வேண்டும். மங்கினால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கனலவே இல்லையென்றால் தலையையே மாற்ற வேண்டும், பேப் பீயில் இரண்டும் ஒன்று. அடுத்தது ரீட் வால்வு. கண்ணாடித்தாள் போன்ற சின்னத் தகடு. அதன் அடியில் ஒரு நூலிழை சிக்கினாலே எரிபொருள் பின்னால் துப்பும். எரிபொருள் டப்பாவை இறுக மூடாவிட்டால் மெத்தனால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் எத்தனை தட்டினாலும் பயனில்லை. மறந்தும் வாயால் உறிஞ்சி டேங்கை நிரப்பாதீர்கள். கண்ணைப் பறிக்கும் விஷம் அது. பற்றினால் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது.

டேங்க் காலியாகி இன்ஜின் தானே நின்றது. மிச்சத்தை வடித்து, சுடுசூடாக இருக்கும்போதே துடைத்தேன். ஈரம் தங்கினால் உள்ளே துருப் பிடிக்கும் என்பதால், புகைத் துவாரத்தில் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, புரொப்பெல்லரைப் பத்துச் சுற்று சுற்றிப் பழந்துணியில் பொதிந்தேன்.

“டேய், மெஷின் எண்ணெய் டப்பாவை யார் எடுத்தது?” உள்ளேயிருந்து சித்தியின் குரல். சித்தப்பா என்னைக் காட்டினார்.

(தொடரும்)